குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்தால்: தமிழக நகரவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 டிசம்பரில் சென்னையை ஒட்டிய பல்லாவரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்குமாகப் பலர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். உயிரிழப்பும் நடந்தது. 2025 ஏப்ரலில் திருச்சி உறையூரிலும் இதே போல ஆனது. குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்று இரண்டு இடத்திலும் தெருவாசிகள் சொன்னார்கள், அதிகாரத் தரப்பு மறுத்தது. ஒவ்வொரு தெருவின் தண்ணீரையும் தொடர்ந்து சோதித்து முடிவை வெளியிட்டிருந்தால் இந்த வாக்குவாதத்துக்கே இடம் இருந்திருக்காது. அந்த நாள் வரும்வரை வீட்டில் இருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டியவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

சுத்திகரித்த தண்ணீரைத்தானே அனுப்புகிறார்கள்? அப்புறம் எப்படிக் கெடுகிறது?

பெரும்பாலும் வழியில்தான் கெடுகிறது. சென்னைக்கு வரும் ஏரித் தண்ணீரைப் புழல், செம்பரம்பாக்கம், கீழ்ப்பாக்கம் போன்ற நிலையங்களில் படிகாரம் போட்டுத் தெளியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். கோவைக்குச் சிறுவாணி, மதுரைக்கு வைகை, நெல்லைக்குத் தாமிரபரணி என்று மூலம் மாறினாலும் முறை ஏறக்குறைய இதுதான். நிலையத்தின் வாசலில் பிடித்துச் சோதித்தால் தண்ணீர் பொதுவாக நன்றாகவே இருக்கும்.

சிக்கல், குழாயில் தண்ணீர் ஓடாத நேரத்தில் இருக்கிறது. நம் ஊர்களில் தினம் சில மணி நேரம், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், சில ஊர்களில் வாரம் ஒரு முறை என்றுதான் தண்ணீர் விடுகிறார்கள். வால்வை மூடியதும் குழாயில் அழுத்தம் போய்விடும். தாழ்வான இடத்து வீடுகள் மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்போது குழாய்க்குள் காற்றழுத்தம் வெளியை விடக் குறைகிறது. அப்போது எந்த ஓட்டையில் நேற்றுத் தண்ணீர் வெளியே கசிந்ததோ, அதே ஓட்டை வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே போகிறது. வெளியே மழைநீர் தேங்கியிருந்தால் மழைநீர், சாக்கடை தேங்கியிருந்தால் சாக்கடை.

இதோடு நம் தெருக்களின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். குடிநீர்க் குழாயும் பாதாளச் சாக்கடைக் குழாயும் ஒரே குறுகிய தெருவில் அருகருகே ஓடுகின்றன. வீட்டு இணைப்புக் குழாய் பல இடங்களில் திறந்த வாய்க்காலைக் குறுக்கே கடந்து, சில இடங்களில் வாய்க்காலுக்குள்ளேயே கிடந்து வீட்டுக்குள் நுழைகிறது. பழைய வார்ப்பிரும்புக் குழாய்கள் துருப்பிடித்துப்போயிருக்கின்றன. கேபிளுக்கும் மழைநீர் வடிகாலுக்கும் சாலையைத் தோண்டும்போது குழாய் உடைகிறது. ரப்பரைச் சுற்றி மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் கனமழையில் அந்த இடம் வெளிப்படும்.

தண்ணீர் விட்டதும் முதலில் கொஞ்ச நேரம்தான் நாற்றம் வருகிறது. பிறகு தெளிந்துவிடுகிறது. அதைப் பிடிக்கலாமா?

முதலில் வருவதைச் சம்புக்குள் விடாதீர்கள். குழாய் காலியாக இருந்தபோது உள்ளே புகுந்த அழுக்கையெல்லாம் முதல் தண்ணீர்தான் தள்ளிக்கொண்டு வரும். சில நிமிடம் வெளியே விட்டு, தெளிந்த பிறகு பிடிப்பது நல்ல பழக்கம்.

ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படி வந்தால் உங்கள் தெருவிலோ உங்கள் இணைப்பிலோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். தெளிந்த தண்ணீரிலும் கிருமி இருக்கலாம். புகார் கொடுங்கள், அது சரியாகும்வரை காய்ச்சிக் குடியுங்கள்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுப்பதால் என்ன ஆகும்?

தெருவுக்கே கெடுதல். உறிஞ்சுகுழல் வைத்து இழுப்பது போல மோட்டார் பொதுக்குழாயை இழுக்கிறது. பக்கத்தில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கிருந்து கழிவுநீரையும் சேர்த்து இழுக்கும். மோட்டார் வைத்தவர் வீட்டுக்கு மட்டுமல்ல, அடுத்த வீட்டுக்கும் அதுதான் போகும். இது சட்டப்படி தவறு, பிடித்தால் இணைப்பைத் துண்டிப்பார்கள். கடைக்கோடித் தெருவில் இருப்பவர்களுக்கு மோட்டார் வைக்காமல் ஒரு குடம்கூட நிறையாது என்பதும் உண்மைதான். அவர்களைக் குற்றவாளியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அழுத்தம் சரியாக இருந்தால் யாரும் மோட்டாருக்குச் செலவு செய்ய மாட்டார்கள். செய்யக்கூடியது ஒன்று உண்டு: பொதுக்குழாய்த் தண்ணீர் தானாக விழும்படி தரைமட்டத்துக்குக் கீழே சம்ப் வைத்து, சம்பிலிருந்து மோட்டாரில் ஏற்றுவது.

நிறத்தையும் வாசனையையும் வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?

ஓரளவு கண்டுபிடிக்கலாம். சிவப்பும் பழுப்புமாக வந்தால் பெரும்பாலும் துரு, அதாவது இரும்பு. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் சாக்கடை அளவுக்கு ஆபத்தில்லை. பால் போல வெளுத்து வந்து, பாத்திரத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்தால் அது காற்றுக்குமிழி, பயப்பட வேண்டாம். கருத்து வந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் கழிவுநீர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நுரை நின்றால் சோப்புத் தண்ணீர் கலந்திருக்கலாம்.

கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரிலும் மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கும். கண்ணும் மூக்கும் “இது கெட்டது” என்று சொன்னால் நம்பலாம். “இது நல்லது” என்று சொன்னால் நம்ப முடியாது.

பிளீச்சிங் பவுடர் வாடை வருகிறது. குடிக்கலாமா?

லேசான வாடை நல்ல அறிகுறி. இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) குழாய்முனையில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. வைரஸ் பரவும் ஆபத்து இருந்தால் 0.5. வழியில் அழுக்கு கலந்தால் இந்த மிச்சக் குளோரின் அதோடு போராடித் தீர்ந்துபோகும். அதனால் எப்போதும் லேசான வாடை வரும் குழாயில் திடீரென்று ஒன்றுமே வரவில்லை என்றால் உஷாராகுங்கள்.

சோதிக்க எளிய வழி உண்டு. மருந்து சில சொட்டு விட்டால் மஞ்சளாக மாறும் குளோரின் சோதனைப் பெட்டி விலை மலிவு. அடுக்குமாடிச் சங்கங்கள் ஒன்று வாங்கி வைப்பது நல்லது. வாடை பிடிக்கவில்லை என்றால் பாத்திரத்தைத் திறந்து சில மணி நேரம் வைத்தாலே குறைந்துவிடும்.

குளோரினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 1955 இறுதியில் டெல்லியில், யமுனையில் தண்ணீர் எடுக்கும் வசீராபாத் பக்கம் சாக்கடை கலந்தது. தெரிந்ததும் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு போன்ற பாக்டீரியா நோய்கள் கூடவில்லை. ஆனால் வைரஸ் தப்பித்தது. சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. சாக்கடை கலந்த பிறகு மருந்து போடுவதை விட, கலக்காமல் தடுப்பதுதான் முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் பெரிய சான்று அது.

காய்ச்சினால் போதுமா?

கிருமிக்குப் போதும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் பாக்டீரியா, வைரஸ், அமீபா எல்லாம் சாகும். பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு கேஸை வீணாக்க வேண்டியதில்லை. ஆறவைக்கும் பாத்திரத்தை மூடி வையுங்கள், கையை விட்டு மொள்ளாதீர்கள். காய்ச்சிய தண்ணீர் பல வீடுகளில் கெடுவது இந்த இடத்தில்தான்.

உப்பு, புளோரைடு, நைட்ரேட், ஈயம், குரோமியம் இவை எதுவும் காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அடர்த்தி கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

ஆர்.ஓ. எந்திரம் கட்டாயமா?

உங்கள் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைப் பொறுத்தது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை. ஏரி, ஆற்றுத் தண்ணீர் வரும் பல ஊர்களில் அளவு இதற்குள்தான் இருக்கும். அங்கே புறஊதா விளக்கு வைத்த வடிகட்டியோ, வெறும் அடுப்போ போதும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழித்துவிடும். தண்ணீருக்குத் தவிக்கும் ஊரில் இது சாதாரண விஷயம் அல்ல. 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொன்னது.

போர்த் தண்ணீரைக் குடிக்க வேண்டிய நிலை இருந்தால், அதிலும் புளோரைடு, நைட்ரேட் இருக்கும் பகுதியானால், ஆர்.ஓ. அவசியம். உள்ளே இருக்கும் வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் எந்திரமே கிருமிக்கூடு ஆகிவிடும்.

டி.டி.எஸ். மீட்டரில் 120 காட்டுகிறது. அப்படியென்றால் தண்ணீர் பாதுகாப்பானதுதானே?

இல்லை. அந்த மீட்டர் உப்பின் அளவை மட்டும் காட்டும். சாக்கடை கலந்ததையோ கிருமியையோ காட்டாது. ஆர்.ஓ. விற்க வருபவர்கள் வீட்டு வாசலில் இந்த மீட்டரைக் காட்டிப் பயமுறுத்துவதும் சமாதானப்படுத்துவதும் இரண்டுமே தவறு. மலத்தால் கெட்டிருக்கிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இருக்கிறது. குப்பியில் போட்டிருக்கும் கோடு வரை தண்ணீரை நிரப்பி, ஒன்றிரண்டு நாள் அறையில் வைத்தால், கெட்ட தண்ணீர் கருப்பாக மாறும். இந்தியாவில் 1980-களிலேயே உருவான எளிய முறை. இதில் முடிவு கருப்பு என்றால் ஆய்வகத்துக்குப் போங்கள்.

என்னென்ன நோய் வரும்? எவ்வளவு நாளில் தெரியும்?

காலரா சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் காட்டிவிடும். அரிசி கழுவிய தண்ணீர் போல வயிற்றுப்போக்கு போகும். சாதாரண வயிற்றுப்போக்கும் வாந்தியும் ஒன்றிரண்டு நாளில் வரும். டைபாய்டு ஒன்றிலிருந்து மூன்று வாரம் எடுக்கும். மஞ்சள் காமாலையின் ஏ, இ வகைகள் இரண்டு வாரம் முதல் ஒன்றரை, இரண்டு மாதம் வரை மறைந்திருந்து பிறகுதான் வெளிப்படும்.

இந்தக் கால இடைவெளியை மனதில் வையுங்கள். ஒரு தெருவில் இன்று நாலு பேருக்குக் காமாலை என்றால், தண்ணீர் கெட்டது போன மாதம். இன்று மாதிரி எடுத்துச் சோதித்தால் சுத்தமாகவே இருக்கலாம். காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிடாமல் அரசு மருத்துவமனைக்குப் போனால்தான் கணக்கில் ஏறும், சுகாதாரத் துறையும் அந்தத் தெருவுக்கு வரும்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் இ வகைக் காமாலை வந்தால் ஐந்தில் ஒருவர், நாலில் ஒருவர் என்ற அளவுக்கு உயிருக்கு ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தெருத் தண்ணீரில் சந்தேகம் வந்த அன்றே அவர்களுக்குக் காய்ச்சிய தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

வயிற்றுப்போக்கு ஆரம்பித்த உடனே ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுங்கள். குழந்தைகளுக்கு அதோடு 14 நாள் துத்தநாக மாத்திரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரண்டும் இலவசமாகக் கிடைக்கும். குழந்தை சோர்ந்து, கண் குழிந்து, சிறுநீர் குறைந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாக்கடை தவிர வேறு கலப்படம் தமிழ்நாட்டில் எங்கே?

ஊருக்கு ஊர் வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பாறையிலிருந்து வரும் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையும் வளைந்த எலும்புமாக ஒரு தலைமுறையே அவதிப்பட்டது. 2013-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்ததால் நிலைமை பெரிதும் மாறியது. ஆனால் திட்டத் தண்ணீர் குறையும் நாளில் உள்ளூர் போர்த் தண்ணீரைக் கலந்து விட்டால் பழைய சிக்கல் திரும்ப வரும். அந்தக் கலப்பை உள்ளாட்சிகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்தது. இந்த மாசு தொடர்பான வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. ராணிப்பேட்டையில் குவிந்த குரோமியக் கழிவின் பாதிப்பு நிலத்தடி நீரில் பல ஆண்டுகள் நீடித்தது. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் என்ன செய்தது என்று அந்த வட்டாரத்து விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். வட சென்னையில் மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்துக்குள் ஏறியது அளவுக்கு மீறி உறிஞ்சியதால். கொடுங்கையூர், பெருங்குடி குப்பைமேடுகளைச் சுற்றியுள்ள போர்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

சம்பையும் மேல்தொட்டியையும் எப்படிப் பார்த்துக்கொள்வது?

ஆறு மாதத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். சம்புக்கும் செப்டிக் தொட்டிக்கும் இடையில் தூரம் இருக்கிறதா, சம்பின் மூடி தரைக்கு மேல் உயர்ந்து இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். தரைமட்ட மூடி வழியாக வாசல் கழுவிய தண்ணீரே உள்ளே போகும்.

சம்ப் தண்ணீருக்குக் குளோரின் போட வேண்டுமானால், புதிய பிளீச்சிங் பவுடர் 1000 லிட்டருக்கு 2.5 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்றிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பயன்படுத்தலாம். நாள்பட்ட, ஈரம் ஏறிய பவுடரில் சக்தி இருக்காது.

கேன் தண்ணீர் வாங்கினால் பிரச்சினை தீர்ந்ததா?

நம்பகமான நிறுவனமாக இருந்தால் பரவாயில்லை. கேனின் மேல் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் நிரப்பிய தேதியும் இருக்க வேண்டும், மூடி முத்திரை உடையாமல் இருக்க வேண்டும். கீறலும் பாசியுமான பழைய கேனைத் திருப்பி அனுப்புங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் கடையில் வாங்காதீர்கள். குடிநீர் வரியும் கட்டி, கேனுக்கும் காசு கொடுக்கும் நிலை வருமானம் குறைந்த குடும்பத்துக்குப் பெரிய சுமை. குழாய்த் தண்ணீரைச் சரிசெய்யக் கேட்பதை அதற்காக நிறுத்திவிடக் கூடாது.

லாரித் தண்ணீர், தெருமுனை சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீர்?

காய்ச்சிக் குடியுங்கள். லாரியின் குழாய் தரையில் புரள்கிறதா என்று பார்த்தாலே ஏன் என்று புரியும்.

எங்கே சோதிக்கலாம்? மாதிரியை எப்படி எடுப்பது?

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உள்ளன. கட்டணம் கட்டிப் பொதுமக்களும் கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் நீர்ப் பகுப்பாய்வு ஆய்வகம் உண்டு.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய குப்பியைத்தான் பயன்படுத்த வேண்டும். குளோரினை முறிக்கும் மருந்து அதற்குள் இருக்கும், கழுவிக் கொட்டிவிடாதீர்கள். குழாய் வாயைத் துடைத்து, இரண்டு நிமிடம் திறந்துவிட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்த்துவிடுங்கள். முடிவில் 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) ஒன்றுகூட இருக்கக் கூடாது.

முக்கியமாக, சம்பிலிருந்து எடுக்காதீர்கள். எடுத்தால் “உங்கள் சம்ப்தான் அழுக்கு” என்று சொல்லி முடித்துவிடுவார்கள். தெருக்குழாயிலிருந்து நேரடியாக வரும் முனையில், தண்ணீர் விடும் நேரத்தில் எடுங்கள். பக்கத்தில் இரண்டு மூன்று வீடுகளிலும் எடுத்தால் கெடுதல் ஒரு வீட்டு இணைப்பிலா, பொதுக்குழாயிலா என்பதும் தெரிந்துவிடும்.

யாரிடம் புகார் செய்வது?

சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916. மற்ற ஊர்களில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அலுவலகம். கூடவே முதல்வரின் உதவி எண் 1100. நோய் பரவினால் 104-க்கும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்குங்கள். தண்ணீர் விட்ட தேதி, நேரம், எந்த வீடுகள், எத்தனை பேருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தாளில் எழுதி, தெருவாசிகள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் தனி ஆளின் புகாரை விட எடை கூடும். கலங்கிய தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் திறந்துவிடும் பணியாளரிடம் கோபப்படாதீர்கள். எந்தத் தெருவில் எந்த இணைப்பு எங்கே ஓடுகிறது என்று அவருக்குத்தான் தெரியும். உடைப்பைப் பெரும்பாலும் அவர்தான் கண்டுபிடிப்பார்.

“சோதித்தோம், தண்ணீர் நன்றாக இருக்கிறது” என்கிறார்கள். அதற்கு மேல் என்ன கேட்பது?

மூன்று விஷயம் கேளுங்கள். மாதிரி எந்த இடத்தில் எடுத்தது? தொட்டியிலா, கடைக்கோடி வீட்டுக் குழாயிலா? எந்தத் தேதியில், எந்த நேரத்தில்? நோய் வந்த செய்தி பரவியதும் குளோரினைக் கூட்டிக் குழாயைக் கழுவிவிடுவது வழக்கம். அது சரியான நடவடிக்கைதான். ஆனால் அதற்குப் பிறகு எடுத்த மாதிரி, அதற்கு முன் வந்த தண்ணீரைப் பற்றி எதுவும் சொல்லாது. மூன்றாவது, முடிவின் நகல். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மாசில்லாத தண்ணீர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1991-ல் சுபாஷ் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது.

நிரந்தரத் தீர்வு என்ன?

குழாயைக் காலியாக விடாமல் இருப்பது. எப்போதும் அழுத்தம் இருந்தால் ஓட்டையிலிருந்து தண்ணீர் வெளியே போகுமே தவிர, சாக்கடை உள்ளே வராது. கர்நாடகத்தின் ஹூப்ளி–தார்வாடில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும், மற்றவற்றுக்கு விட்டுவிட்டும் தண்ணீர் வந்த காலத்தில் ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விட்டுவிட்டு வந்த வீடுகளின் குழாயில்தான் ஈ.கோலை மிக அதிகம். ஒடிசாவின் புரி 2021-ல் குழாயிலேயே குடிக்கும் தண்ணீரை ஊர் முழுக்கக் கொடுத்தது. கோவை 2018-ல் 24 மணி நேரத் திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டது.

24 மணி நேரம் விட நமக்குத் தண்ணீர் எங்கே என்று கேட்பார்கள். கசிவில் போகும் தண்ணீரைப் பிடித்தாலே கணிசமாக மிஞ்சும். அதுவும் உடனே முடியாது என்றால், சாக்கடைக்குள் கிடக்கும் வீட்டு இணைப்புகளை முதலில் மாற்றட்டும். செலவு குறைவு, பலன் உடனடி. புதிய பாதாளச் சாக்கடை போடும் ஒவ்வொரு தெருவிலும் பழைய குடிநீர்க் குழாயையும் சேர்த்து மாற்றுவதை விதியாக்க வேண்டும்.

வெள்ளத்தில் சம்ப் மூழ்கிவிட்டது. என்ன செய்வது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல வீடுகளுக்கு இந்த நிலை வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு, மின்சாரம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சம்பை முழுதாக இறைத்துக் கொட்டுங்கள். வெள்ளம் புகுந்த சம்புக்குள் தனியாக ஆளை இறக்காதீர்கள். விஷவாயு இருக்கலாம், மூடியைத் திறந்து வெகுநேரம் காற்றாட விட்டு, மேலே ஒருவர் நிற்க வேண்டும். சேற்றை வழித்து, தேய்த்துக் கழுவி, நல்ல தண்ணீர் நிரப்பி 1000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். அதையே மேல்தொட்டிக்கு ஏற்றி, வீட்டின் எல்லாக் குழாயையும் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிய தண்ணீர் பிடியுங்கள். தெருத் தண்ணீர் சோதனையில் தேறும்வரை குடிக்க, பல் துலக்க, குழந்தைக்குப் பால் கரைக்க எல்லாவற்றுக்கும் காய்ச்சிய தண்ணீர்தான்.